ஹூட்டர் அடிக்காத மூன்று மாதங்கள்

ஆடி மாதம் கடைசி வாரம், திங்கட்கிழமை. ஒரகடம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியின் இரண்டாவது மாடியில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் செய்தி வந்தது. இரண்டாவது முறையும் தேர்வில் தவறிவிட்டேன். ஏணியை விட்டு உடனே இறங்கவில்லை. இறங்கினால் தரையில் உட்கார்ந்துவிடுவேன், உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று தெரிந்தது. மிச்சமிருந்த அறைகளை முடித்தேன். பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். எந்தப் பேருந்தில் ஏறினேன், யாரிடம் சீட்டு வாங்கினேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

வல்லக்கோட்டையானை நம்பி வாழ்கிற உங்களிடம், அந்தத் திங்கட்கிழமையில் தொடங்கிய ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். முருகன் என் கனவில் வரவில்லை. அசரீரி எதுவும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் கலைவாணி. வயது நாற்பத்து மூன்று. பென்னலூரில் வாடகை வீடு. கணவர் தாமோதரன் உலோகத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகுத் தண்டில் அடிபட்ட பிறகு அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே காய் நறுக்கி, சமைத்து, வீட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வெளிவேலை என்னுடையது.

என் வேலை ஃபயர் அலாரம் சோதிப்பது. கூரையில் வட்டமாக ஒட்டியிருக்கும் டிடெக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட குழாயின் நுனியில் புகை ஸ்ப்ரேயை மாட்டி ஒவ்வொன்றுக்கும் புகை காட்ட வேண்டும். டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கீழே அலுவலக அறையில் உள்ள பேனலில் அந்த அறையின் எண் வர வேண்டும். கட்டடம் முழுக்க ஹூட்டர் அலற வேண்டும். இவ்வளவுதான் வேலை. நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பதால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கழுத்து வலி உண்டு. எனக்குப் பதினோரு ஆண்டு வலி.

கடந்த ஆண்டு தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிபந்தனை போட்டன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே சோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மேனேஜர் தை முதல் தேதி வரை அவகாசம் கொடுத்தார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அதற்குள் தேறாதவர்கள் ஏணி பிடிக்கும் உதவியாளர்களாக இருக்கலாம், அல்லது போகலாம். என்னோடு வேலை செய்யும், என்னைவிடப் பதினைந்து வயது இளையவனான பாஷா முதல் முறையிலேயே தேறிவிட்டான். நான் சித்திரையில் தவறினேன். ஆடியிலும் தவறினேன்.

இரண்டாவது முறை மதிப்பெண் தாளோடு ஒரு குறிப்பும் வந்தது. வயரிங், பேனல், டிடெக்டர் எல்லாம் நன்று. ஒலி எச்சரிக்கை மட்டும் போதவில்லை. எனக்குப் புரியவில்லை. ஹூட்டரில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? பதினோரு ஆண்டுகளில் நான் கழற்றி மாட்டாத ஹூட்டர் இல்லை. தேர்வாளர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வயது, ஆங்கிலம், பெண் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டேன்.

உண்மையில் நான் களைத்திருந்தேன். விடியுமுன் எழுந்து, ஏழு மணிக்கெல்லாம் ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் பைச் சோதனைக்கு நின்று, சாயங்காலம் திரும்பும்போது படிக்க உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. பேருந்தில் புத்தகத்தைத் திறப்பேன். ஒரே பத்தியை ஸ்ரீபெரும்புதூர் வரை படித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்பார்.

"இன்னா, இன்னிக்கு எத்தினி பக்கம்?"

"அரைப் பக்கம்."

"நேத்தும் அதே அரைப் பக்கம்தானே சொன்ன?"

"நேத்து மேல் அரை. இன்னிக்குக் கீழ் அரை."

சிரிப்போம். ஆனால் இருவருக்கும் பயம் இருந்தது.

மூன்றாவது தேர்வு ஐப்பசி கடைசியில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னையில் என்று வந்தது. வல்லக்கோட்டைக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வருவதாக நேர்ந்துகொண்டேன். ஐந்து கேட்பதற்கு, ஆறாவது நன்றிக்கு. ஐந்தாவது செவ்வாய் தேர்வுக்கு முந்தைய நாள் விழும்படி கணக்கிட்டுத் தொடங்கினேன். முதல் நான்கு வாரமும் சந்நிதியில் நின்று ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன். "முருகா, என்னைப் பாஸ் பண்ண வை."

அந்த ஐந்தாவது செவ்வாய்க்கு முந்தைய நாள் மீண்டும் அதே பெண்கள் விடுதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கே சோதனை. எங்கள் நிறுவனத்தில் பெண் டெக்னீஷியன் நான் ஒருத்திதான். விடுதி மாடிகளில் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் பாஷா கீழே பேனல் முன் உட்கார்ந்திருப்பான், நான் மேலே போவேன். கைபேசியில் பேசிக்கொள்வோம்.

"ரெண்டாவது மாடி, பதினாலு."

"வந்துச்சுக்கா."

"பதினஞ்சு."

"வந்துச்சு. அக்கா, இங்க வார்டன் மேடம் எனக்கு டீ குடுத்தாங்கோ. உங்களுக்கு இல்லியாம்."

"என்னுதையும் நீயே குடி. பதினாறு."

இப்படித்தான் முடியும். நடுவில் ஹூட்டர் அடிக்காது. அந்த விடுதியில் இருநூற்றுப் பத்துப் பெண்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, திருநெல்வேலி, ஒடிசா என்று பல ஊர்க்காரர்கள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை. பாதிப்பேர் இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார்கள். வார்டன் சரோஜா மேடம் முதல் நாளே சொன்னது இது. "பொண்ணுங்க நைட்டு முழுக்க நின்னுட்டு வந்து தூங்குதுங்கோ. மணி மட்டும் அடிச்சிடாதீங்கம்மா, புண்ணியமாப் போவும்." நியாயமாகத்தான் பட்டது. எந்த விடுதிக்குப் போனாலும் இதுதான் வழக்கம். சோதனைக்கு முன் பேனலில் ஹூட்டரை பைபாஸில் போட்டு, அடிக்காதபடி செய்துவிடுவோம். பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். முடித்ததும் பைபாஸை எடுத்து, ஒரே ஒரு நொடி அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பார்கள், அவ்வளவுதான்.

அன்று மூன்று மணிக்கு முடித்து, "எல்லாம் சரி" என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். தை வரைக்கும் என் கையெழுத்து செல்லும்.

மறுநாள் செவ்வாய். வேலை முடிந்து ஒரகடத்திலிருந்து நேராக வல்லக்கோட்டை. சூரசம்ஹாரம் முடிந்த வாரம், கூட்டம் குறைந்திருந்தது. ஐந்தரை மணிக்குச் சந்நிதி முன் நின்றேன். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிற அந்த உருவத்தை அண்ணாந்து பார்த்ததும் கழுத்து வலித்தது. அங்கேயும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுப்பாக இருந்தது. என் ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் திறந்தேன். தீபாராதனை தொடங்கியது. மின்சார மேளமும் மணியும் ஒன்றாக முழங்கின. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நேற்று விடுதியில் அந்த ஒரு நொடிச் சத்தம் கேட்டதா?

கண்ணை மூடி யோசித்தேன். நான் மாடியிலிருந்து இறங்கியது நினைவிருந்தது. காலணி மாட்டியது, பாஷா பையைத் தூக்கியது, எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கற்பூரத் தட்டு என் முன்னால் வந்து நின்று, கடந்து போனது. நான் கையை நீட்டவில்லை. பின்னால் நின்ற அம்மா, "தட்டு போவுது பாரும்மா, தூங்கறியா?" என்று என் தோளைத் தட்டினார்.

வெளியே வந்து செருப்புக் கடை பக்கத்தில் நின்று பாஷாவை அழைத்தேன்.

"நேத்து முடிச்சிட்டு ஹூட்டர் பைபாஸை எடுத்தியா?"

"நான் எதுக்குக்கா எடுக்கணும்? போட்டவங்கதானே எடுக்கணும்."

"நீதானே போட்ட?"

"இன்னாக்கா சொல்றீங்கோ? நான் போடவே இல்ல. நான் போய்க் குந்தும்போதே மஞ்ச லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சு. மேல ஏறுறதுக்கு முன்னாடி நீங்க போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் பேனல் பக்கமே வரலியேடா."

வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டான்.

"அப்போ யாருக்கா போட்டது?"

பேனலின் கடவுச்சொல் எங்கள் நிறுவனத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. நேற்றுக்கு முன் எங்களில் அந்த விடுதிக்குக் கடைசியாகப் போனது நான். ஆடி மாதம். அன்று பாஷாவுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போய், பேனலையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். தேர்வு முடிவு வந்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. காவலர் பெண் வார்டனை அழைத்தார். சரோஜா மேடம் கேட்டுக்கு உள்ளே இருந்தபடியே பேசினார்.

"ஏம்மா, ஆறு மணிக்கு மேல பெத்த அப்பன் வந்தாலே உள்ள விடறதில்ல. நேத்துதானே எல்லாம் ஓகேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போன?"

"அந்தக் கையெழுத்துக்காகத்தான் மேடம் வந்திருக்கேன். பேனல்ல மஞ்ச லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"அதுல பாக்க இன்னா கீது? அது எப்பவும்தான் எரியுது. எரிஞ்சா மிஷின் நல்லா ஓடுதுன்னு நெனச்சிகினு கீறேன்."

"இல்ல மேடம். எரிஞ்சா மணி அடிக்காதுன்னு அர்த்தம்."

"எப்ப அடிக்காது?"

"நெருப்புப் புடிச்சாலும் அடிக்காது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தாழ்ப்பாளை அவரே நீக்கினார். "உள்ள வா."

பேனலில் எல்லாவற்றுக்கும் நேரத்தோடு பதிவு இருக்கும். பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். நேற்றைய சோதனை வரிசையாக இருந்தது. அதில் பைபாஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐப்பசி, புரட்டாசி, ஆவணி என்று தாண்டிப் போனேன். ஆடியின் அந்தத் திங்கட்கிழமை, காலை பத்து இருபது: ஹூட்டர் பைபாஸ். அதை எடுத்ததாக எங்கும் பதிவில்லை.

"யாரு போட்டது இது?" என்று கேட்டார் சரோஜா மேடம்.

"நான்தான் மேடம்."

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

பைபாஸை எடுத்தேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஒரு நொடி அடித்துப் பார்த்தால் போதாது என்று அன்று தோன்றியது. எல்லோரும் விழித்திருக்கும் நேரம்தான். "முழுசா அடிக்கலாமா மேடம்?" என்று கேட்டேன். தலையசைத்தார். அடித்தேன்.

அந்த விடுதி திறந்து நான்கு ஆண்டுகள். அங்கே முழு ஹூட்டர் ஒலித்தது அதுதான் முதல் முறை. ஈரத் தலையோடும், வாயில் பல் துலக்கும் நுரையோடும், தட்டில் பாதிச் சாப்பாட்டோடும் பெண்கள் ஓடி வந்தார்கள். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "யக்கா, இப்படி ஒரு சத்தம் இங்கன இருக்குன்னே இத்தன நாளா தெரியாதுல்லா!" என்றாள். முதல் மாடி வந்தது. மூன்றாவது மாடி வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மேலே போனேன். இரண்டாவது மாடி நடைபாதை அமைதியாக இருந்தது. இரவு ஷிஃப்ட் பெண்களுக்கான மாடி அது, அறுபத்து எட்டுப் பேர். ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "கீழ என்னக்கா ஒரே கூச்சல்?" என்று கேட்டாள். அந்த மாடியின் நான்கு ஹூட்டர்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. குழாய் வேலைக்குக் கூரையைத் துளைத்தவர்கள் எப்போதோ கேபிளையும் சேர்த்து அறுத்திருந்தார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நாற்பது அடி கேபிள் புதிதாக இழுக்க வேண்டும். கடை காலையில்தான் திறக்கும். அதுவரை இரண்டாவது மாடியில் விசிலோடு ஒரு காவலர் பெண் நடந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்தோம். மேனேஜரை அழைத்துச் சொன்னேன்.

"சரி கலைவாணி. நாளைக்கு எக்ஸாமை எழுதிடுங்க. வியாழக்கிழமை போய் இழுத்துக்கலாம். அதான் விசில் ஆள் போட்டாச்சே."

"காலையில ஏழு மணிக்கு நைட் ஷிஃப்ட் பொண்ணுங்க வந்து படுப்பாங்க சார்."

"மூணு மாசமா படுத்துகிட்டுதானே இருந்தாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் வேலைக்காகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது உண்மை. மூன்று மாதம் படுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டில் மேசைமேல் ஹால் டிக்கெட்டைக் கணவர் எடுத்து வைத்திருந்தார், அதன்மேல் இரண்டு பேனா. நடந்ததைச் சொன்னேன்.

"மூணாவது சான்ஸும்மா இது."

"தெரியும்."

"போவலன்னா தவறுனதாத்தான் கணக்கு."

"அதுவும் தெரியும். வேற யாரும் அந்த மாடிக்குப் போவ முடியாதுங்க."

கூரையைப் பார்த்துச் சொன்னார். "நீ பாஸ் பண்ண வைன்னு கேட்டா, அந்தாளு கேபிள் இழுக்க அனுப்புறான். நல்லா கீது உங்க பேச்சுவார்த்தை." பிறகு கேட்டார். "காலையில எத்தினி மணிக்கு? இட்லியா, உப்புமாவா?"

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு, தேர்வு தொடங்கும் நேரத்தில், இரண்டாவது மாடி நடைபாதையில் ஏணிமேல் இருந்தேன். கேபிளைப் பாஷா வாங்கி வந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனான். துளையிடும் சத்தம் வரக்கூடாது என்பதால் பழைய துளைகள் வழியாகவே இழுத்தேன். மூடிய கதவுகளுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே மின்விசிறிச் சத்தம். ஒரு அறையில் யாரோ தூக்கத்தில் ஹிந்தியில் பேசினார்கள். பதினொன்றரைக்கு முடித்தேன். சரோஜா மேடம் கேட்டார், "அடிச்சே ஆவணுமா?" அடித்தே ஆக வேண்டும் என்றேன். அடித்தேன். அறுபத்து எட்டுப் பேரும் என்னைச் சபித்துக்கொண்டே இறங்கினார்கள். எண்ணினேன். அறுபத்து எட்டும் சரியாக இருந்தது.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: ஆடி முதல் ஹூட்டர்கள் பைபாஸில் இருந்தன. பைபாஸில் போட்டதும், எடுக்க மறந்ததும் நான். நேற்று முன்தினம் எல்லாம் சரி என்று எழுதியதும் நானே, அது தவறு.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, யாராவது கேட்டாங்களா உங்கள?" அன்றே என் கையெழுத்து உரிமை போனது. கார்த்திகை முழுவதும் ஏணி பிடித்தேன். நான் சோதித்ததற்குப் பாஷா கையெழுத்துப் போட்டான். போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல், "இங்க வெளிச்சமே இல்லக்கா" என்று எதையாவது சொல்லுவான்.

அந்த நாட்களில் நான் கோயிலுக்குப் போகவில்லை. முருகனோடு பேச்சு இல்லை. உண்மையைச் சொன்னேன், இருந்ததும் போயிற்று என்று அவன்மேல் கோபம். மூன்று செவ்வாய் கடந்தன. நான்காவது செவ்வாய்க் காலையில் கணவர் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஆறுன்னு நேந்துகினு அஞ்சோட நிறுத்திட்டா, பாதில எறங்கிப்போன மாதிரி இருக்கும். போய்ச் சண்டையாவது போட்டுட்டு வா."

சண்டை போடத்தான் போனேன். பேருந்தில் உட்கார்ந்து என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்தேன். ஆனால் மனம் வேறு ஒன்றை எண்ணத் தொடங்கியது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை. தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறிய கைபேசிகள். வார்டனுக்குத் தெரியாமல் அறையில் ஒளித்து வைத்த கெட்டில்கள். சுவிட்சை அணைக்காமல் ஷிஃப்ட் பேருந்துக்கு ஓடிய பெண்ணின் இஸ்திரிப் பெட்டி. சரஸ்வதி பூஜைக்கு அறைக்கு அறை ஏற்றிய அகல் விளக்கு. தீபாவளிக்கு மொட்டை மாடியில் கொளுத்திய மத்தாப்பு. அத்தனை நாளும் இருநூற்றுப் பத்துப் பேர், அவர்களை எழுப்ப எதுவும் இல்லாத கட்டடத்தில், ஆழ்ந்து தூங்கினார்கள். விழித்தார்கள். வேலைக்குப் போனார்கள்.

நான் செவ்வாய்க்குச் செவ்வாய் சந்நிதியில் நின்று என்னைப் பாஸ் பண்ண வை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, முருகன் இந்தக் காவல் வேலையைச் செய்துகொண்டிருந்தான். என் இடத்தில் நின்று. என் ஷிஃப்டையும் சேர்த்து.

சந்நிதிக்குப் போனதும் சண்டை வரவில்லை. அழுகையும் வரவில்லை. இதை உண்மையாகச் சொல்ல வேண்டும், எனக்கு உடம்பெல்லாம் களைப்பாக மட்டும் இருந்தது. தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். முதல் தடவையாக எதையும் கேட்காமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பழைய மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒலி எச்சரிக்கை போதவில்லை. அப்போதுதான் விளங்கியது. வாய்மொழித் தேர்வில் இரண்டு முறையும் ஒரே கேள்வி. ஆட்கள் தூங்கும் இடத்தில் எப்படிச் சோதிப்பீர்கள்? இரண்டு முறையும் தயங்காமல் பதில் சொல்லியிருந்தேன்: ஹூட்டரை பைபாஸில் போடுவோம். பதினோரு ஆண்டுகள் செய்ததைத்தான் சொன்னேன். அவர்கள் என்னைத் தேறவிடாதது சரிதான்.

மார்கழி பிறந்த வாரம் மேனேஜர் அழைத்தார். அந்த விடுதியை நடத்துகிறவர்களுக்கு இன்னும் மூன்று விடுதிகள் உண்டு. மூன்றிலும் மணியடித்துச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் ரிப்போர்ட்டைப் படித்தவர்கள் அவர்கள்.

"தப்பைத் தானே எழுதிக் குடுத்த அந்த லேடியை அனுப்புங்கன்றாங்க. இப்ப நான் இன்னா பண்றது? சர்ட்டிஃபிகேட் இல்லாம அனுப்பவும் முடியாது." மேசைமேல் பென்சிலால் தட்டினார். "மாசக் கடைசியில ஒரு எடம் கேட்டு வாங்கியிருக்கேன். இதுக்கு மேல என்னால முடியாது கலைவாணி."

வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி வந்தது. "இங்கிலீஷ்ல சொல்லணுமா சார்?" என்று கேட்டேன். "புரியற மாதிரி சொல்லுங்க போதும்" என்றார் தேர்வாளர். முன்கூட்டியே அறிவித்து, எல்லோரும் விழித்திருக்கும் நேரம் கேட்டு வாங்கி, முழுதாக அடித்து, ஒவ்வொரு மாடியிலும் ஆட்களை எண்ண வேண்டும் என்றேன். பைபாஸில் போட நேர்ந்தால், போட்டவர் பெயரும் எடுத்தவர் பெயரும் எழுதாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்றேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். ஒரு விடுதியில், என்றேன். அவர் தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குறித்துக்கொண்டார். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினேன். தேவைக்கு மேல் மூன்று.

தை பிறந்ததும் அந்த மூன்று விடுதிகளுக்கும் போனேன். ஒன்றில் பேனல் முன் நின்றபோது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "வந்த நாளா எரியுதும்மா" என்றார் அங்கிருந்த வார்டன். அதை அணைத்துவிட்டு, முழு ஹூட்டரையும் அடித்து, இறங்கி வந்தவர்களை எண்ணிவிட்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

கணவரின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. என் கழுத்தும். மூன்று ஆண்டு கழித்துச் சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடியும் தேர்வெழுத வேண்டும், மறுபடியும் அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்க வேண்டும். ஆனால் இப்போது சந்நிதியில் என் வாக்கியம் மாறிவிட்டது. முதலில் நன்றி சொல்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியாதவற்றுக்கு. கேட்பதை அதற்குப் பிறகு கேட்கிறேன்.

இந்த இதழின் பக்கங்களில் எரிந்த வீட்டிலிருந்து மீட்கப்பட்டவர்கள், அறுவை மேசையிலிருந்து எழுந்து வந்தவர்கள் தங்கள் கதையை எழுதியிருக்கிறார்கள். படித்து அழுதிருக்கிறேன். என் கதையில் நெருப்பே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், உங்களில் என்னைப்போல் களைத்தவர்கள் இருப்பீர்கள் என்பதால். கேட்டுக் கேட்டு ஓய்ந்து, அவன் வாய் திறக்கவில்லை என்று திரும்பி நடக்கிறவர்கள். அடுத்த முறை வல்லக்கோட்டைக்கு வரும்போது உங்கள் வேண்டுதலைச் சற்றே தள்ளி வையுங்கள். நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள். அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா? அதைச் சொல்லிவிட்டு, அவனை நம்பி, உங்கள் வேலைக்குப் போங்கள்.